முக்கோணம் எண்ணும் தொடர்: ஐந்தாவது உறுப்பு 48ஆ, 49ஆ?

வரிவடிவம்

வணக்கம். ஒரு பெரிய சமபக்க முக்கோணம் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தையும் ந சம துண்டுகளாகப் பிரித்து, பக்கங்களுக்கு இணையாகக் கோடு போட்டு உள்ளே முழுக்கக் குட்டி முக்கோணங்களாக ஆக்கியாச்சு. இதில் மொத்தம் எத்தனை முக்கோணங்கள் இருக்கின்றன என்பதுதான் கணக்கு. சின்னது, பெரியது, நேராக நிற்பது, தலைகீழாக நிற்பது எல்லாம் சேர்த்தி.

ந = 1 என்றால் 1. ந = 2 என்றால் 5. மூன்றுக்கு 13, நான்குக்கு 27.

1, 5, 13, 27

வித்தியாசம் எடுத்தால் 4, 8, 14. அதற்கும் வித்தியாசம் எடுத்தால் 4, 6. இன்னொரு தடவை எடுத்தால் 2. மூன்றாவது மட்டத்தில் நிற்கிறதே, அப்படியானால் முப்படிச் சூத்திரம் என்று போட்டுப் பார்த்ததில் (ந³ + 5ந − 3) ÷ 3 என்று ரொம்பச் சுத்தமாக வந்தது. நான்கு உறுப்புக்கும் பொருந்துகிறது. ஆனால் ஐந்துக்கு 49 என்கிறது, படம் வரைந்து எண்ணினால் 48. அளவுக்கு ஒரு வண்ணம் என்று பிரித்துக் குறித்தும் எண்ணிவிட்டேன், 48தான். அந்த ஒரு முக்கோணம் எங்கே ஒளிந்திருக்கிறது?

கோணமானி

எங்கும் ஒளிந்திருக்கவில்லை. 48 சரி, சூத்திரம்தான் தப்பு. நேராக நிற்பவை தனி, தலைகீழாக நிற்பவை தனி என்று இரண்டு பட்டியலாகப் பிரித்து இங்கே போடுங்கள்.

வரிவடிவம்

பிரித்துவிட்டேன், ந = 1 முதல் 5 வரை:

நேர்: 1, 4, 10, 20, 35
தலைகீழ்: 0, 1, 3, 7, 13

கூட்டினால் 1, 5, 13, 27, 48. ஆனால் நான்கு இடத்தில் அச்சு மாறாமல் பொருந்துகிற சூத்திரம் ஐந்தாவதில் ஒன்றே ஒன்றில் பிசகுவது எனக்குச் சமாதானமாகவே இல்லை. தற்செயலாக நான்கு தடவை பொருந்துமா?

கோணமானி

தற்செயல் எதுவும் இல்லை, பொருந்தாமல் இருக்கவே முடியாது என்பதுதான் விஷயம்.

முப்படிச் சூத்திரம் என்றால் நான்கு கெழுக்கள்: ந³, ந², ந இவற்றுக்கு ஒவ்வொன்று, அப்புறம் ஒரு மாறிலி. உங்களிடம் இருப்பது நான்கு எண்கள். நான்கு தெரியாதவற்றுக்கு நான்கு சமன்பாடு, விடை கட்டாயம் கிடைக்கும். 1, 5, 13, 27 இருந்த இடத்தில் வாய்க்கு வந்த நான்கு எண்களைப் போட்டிருந்தாலும் ஒரு முப்படிச் சூத்திரம் கிடைத்திருக்கும். சிலவற்றில் கெழுக்கள் அசிங்கமான பின்னமாக இருக்கும், உங்களுக்கு அழகாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான்.

வித்தியாசப் பட்டியலிலும் இதே கதைதான். நான்கு எண் எழுதினால் அடுத்த மட்டத்தில் மூன்று, அதற்கடுத்து இரண்டு, கடைசியில் ஒன்று. அந்தக் கடைசி ஒன்றைப் பார்த்து "நிலையாக நிற்கிறது" என்று சொல்ல முடியாது, ஏனென்றால் ஒற்றை எண்ணுக்கு மாறுவதற்கு இடமே இல்லையே. குறைந்தது மூன்று நான்கு எண்களாவது ஒரே மட்டத்தில் ஒன்றாக நின்றால்தான் அது ஒரு தடயம். சூத்திரத்தை உருவாக்கப் பயன்படுத்திய எண்கள் அந்தச் சூத்திரத்துக்குச் சாட்சி சொல்லத் தகுதியற்றவை. உருவாக்கிய பிறகு வருகிற முதல் எண்தான் முதல் சாட்சி. உங்கள் விஷயத்தில் 48 வந்து, இல்லை என்று சொல்லிவிட்டது.

இன்னும் இரண்டு உறுப்பு கண்டுபிடித்துப் பட்டியலை நீட்டிப் பாருங்கள். ஆறுக்கு 78, ஏழுக்கு 118.

1, 5, 13, 27, 48, 78, 118
4, 8, 14, 21, 30, 40
4, 6, 7, 9, 10
2, 1, 2, 1

கடைசி வரியை நன்றாகப் பாருங்கள். நிலையாக நிற்கவில்லை, ஆனால் கலைந்தும் போகவில்லை. 2, 1, 2, 1 என்று மாறி மாறி வருகிறது. இந்தத் தொடருக்குள் ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று ஏதோ ஒன்று ஒளிந்திருக்கிறது என்று பட்டியலே சொல்கிறது. நீங்கள் தேட வேண்டியது விடுபட்ட முக்கோணத்தை அல்ல, இந்த ஒற்றை இரட்டை எங்கிருந்து வருகிறது என்பதைத்தான்.

அடுத்தஉறுப்பு

நல்ல விளக்கம், ஆனால் ஒரு மறுப்பு சொல்லியே ஆக வேண்டும். நான் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்குச் சொல்லித் தருகிறவன். அங்கே நான்கைந்து எண் கொடுத்து அடுத்தது என்ன என்பார்கள், ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. "இன்னும் இரண்டு உறுப்பு கண்டுபிடியுங்கள்" என்று சொன்னால் அவர்கள் எங்கே போவார்கள்? படம் கிடையாது, பின்னணி கிடையாது, எண்கள் மட்டும்தான்.

நான் சொல்லித் தரும் முறை ஒன்றும் ரகசியம் இல்லை. முதலில் வேகத்தைப் பார். மெதுவாக ஏறினால் வித்தியாசம் எடு, திடீரென்று பாய்ந்தால் விகிதம் எடு. 1, 1, 2, 6, 24 இதில் வித்தியாசம் எடுத்து உட்கார்ந்தால் நேரம் போய்விடும், ஒன்றை அதற்கு முந்தையதால் வகுத்தால் 1, 2, 3, 4, உடனே 120. வித்தியாசம் எடுத்தும் 2, 4, 8, 16 என்று அதுவே இரட்டித்துக்கொண்டு போனால், உதாரணமாக 3, 5, 9, 17, 33 என்றால், எத்தனை மட்டம் இறங்கினாலும் அதே 2, 4, 8தான் திரும்பத் திரும்ப வரும், அங்கே நிறுத்திவிட்டு இரண்டின் அடுக்கைத் தேடு. ஏறி இறங்கி ஏறி இறங்கினால் இரண்டு தொடர்களைப் பின்னியிருக்கிறார்கள்: 5, 20, 8, 17, 11, 14 என்பதை ஒன்று விட்டு ஒன்று படித்தால் 5, 8, 11 ஏறுகிறது, 20, 17, 14 இறங்குகிறது, அடுத்தது 14, அதற்கடுத்தது 11. அப்புறம் வர்க்கம், கனம் இவற்றுக்குப் பக்கத்தில் நிற்கிறதா என்று பார். 0, 7, 26, 63 பார்த்தவுடன் கனத்தில் ஒன்று குறைவு என்று கண்ணில் பட வேண்டும், அடுத்தது 124. 2, 6, 12, 20, 30 என்றால் 1×2, 2×3, 3×4 என்று பிரித்துப் படிக்கத் தெரிய வேண்டும்.

இதை நாள்பட்டுப் பழகியவர்களுக்கு எண்ணைப் பார்த்ததுமே கை சரியான பக்கம் போகும். அது ஒரு உண்மையான திறமை, அதைக் குறைத்துப் பேச நான் விடமாட்டேன். கேள்வி போட்டவர் மனதில் ஒரு விதி இருக்கிறது, அதைப் பிடிப்பதுதான் அங்கே வேலை.

கோணமானி

குறைத்துப் பேசவில்லை. நீங்கள் சொன்ன அத்தனையும் ஊகத்தை உண்டாக்கும் கருவிகள், அவை இல்லாமல் யாரும் ஒரு அடிகூட நகர முடியாது. கடைசி வரியில் நீங்களே சரியாகச் சொல்லிவிட்டீர்கள்: "கேள்வி போட்டவர் மனதில்". அங்கே விதி எண்களுக்குள் இல்லை, ஒரு மனிதரின் மனதில் இருக்கிறது. அவர் எளிமையானதைத்தான் நினைத்திருப்பார் என்ற எழுதப்படாத ஒப்பந்தத்தின் மேல் அந்த விளையாட்டு நடக்கிறது. அந்த ஒப்பந்தம் இல்லாத இடத்துக்கு அதே பழக்கத்தோடு போனால்தான் சிக்கல், வரிவடிவம் மாட்டியது அங்கேதான். முக்கோணப் படத்துக்கு எந்த ஒப்பந்தமும் கிடையாது.

1, 2, 3, 4 என்று நான்கு எண் கொடுங்கள். அடுத்தது 100 என்று என்னால் சூத்திரத்தோடு சொல்ல முடியும்: ந + (95 ÷ 24) × (ந−1)(ந−2)(ந−3)(ந−4). முதல் நான்கு இடத்திலும் அடைப்புக்குறிகளில் ஒன்று பூஜ்ஜியமாகிவிடுவதால் 1, 2, 3, 4 அப்படியே வரும். ஐந்தில் 4×3×2×1 = 24, ஆக 5 + 95 = 100. அந்த 95ஐ மாற்றினால் நீங்கள் கேட்கிற எந்த எண்ணையும் ஐந்தாவதாக வைக்கலாம். எத்தனை உறுப்பு கொடுத்தாலும் இதைச் செய்யலாம், லக்ராஞ்சின் பெயரில் வழங்குகிற இடைச்செருகல் முறையின் அடிப்படையே இதுதான். ஆக "எண்கள் மட்டும்" வைத்துக்கொண்டு ஒரே ஒரு சரியான அடுத்த உறுப்பு என்று எதுவும் கிடையாது.

இது குதர்க்கம் என்று தோன்றினால் குதர்க்கமே இல்லாத உதாரணம் தருகிறேன். 2, 4, 8. அடுத்தது? தாளில் வட்டங்கள் வரைந்து, ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் வெட்டும்படி, மூன்று வட்டம் ஒரே புள்ளியில் சேராதபடி வைத்தால், தாள் எத்தனை துண்டாகப் பிரியும் என்று எண்ணுங்கள். ஒரு வட்டத்துக்கு 2, இரண்டுக்கு 4, மூன்றுக்கு 8, நான்குக்கு 14. பதினாறு வராது. நான்காவது வட்டம் ஏற்கெனவே உள்ள மூன்றையும் ஆறு இடத்தில் வெட்டுகிறது, அதனால் அந்த வட்டமே ஆறு வில்லாகப் பிரிகிறது, ஒவ்வொரு வில்லும் ஒரு துண்டை இரண்டாக்குகிறது, ஆக ஆறுதான் கூடும். 2, 4, 8 பார்த்தவுடன் இரட்டிப்பு என்று போன கை இங்கே தவறான பக்கம் போயிருக்கும்.

1960இல் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் இதையே ஒரு சோதனையாக வைத்தார். 2, 4, 6 என்ற மூன்று எண்களும் என் மனதில் உள்ள விதிக்குப் பொருந்தும், நீங்களும் மூன்று மூன்றாகச் சொல்லுங்கள், பொருந்துமா இல்லையா என்று சொல்கிறேன், விதி உறுதியானதும் அறிவியுங்கள் என்றார். பெரும்பாலானவர்கள் 8, 10, 12 என்றார்கள், பொருந்தும். 20, 22, 24, அதுவும் பொருந்தும். இரண்டிரண்டாகக் கூடுகிறது என்று அறிவித்தார்கள். அவருடைய விதியோ, ஏறுமுகமாக இருக்க வேண்டும், அவ்வளவே. 1, 7, 50 என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்திருந்தால் போதும். தன் ஊகத்தை உடைக்கக்கூடிய எண்ணைக் கேட்காமல், அது ஆமோதிக்கிற எண்ணையே திரும்பத் திரும்பக் கேட்டதுதான் பலரையும் திசைதிருப்பியது.

வரிவடிவம்

தலைகீழ்ப் பட்டியலை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தேன். 0, 1, 3, 7, 13, 22, 34. வித்தியாசம் 1, 2, 4, 6, 9, 12. அடுத்தது 1, 2, 2, 3, 3. அதற்கடுத்து 1, 0, 1, 0. நேர்ப் பட்டியலில் மூன்றாவது மட்டம் 1, 1, 1 என்று அசையாமல் நிற்கிறது. அப்படியானால் ஒற்றை இரட்டைத் தகராறு முழுக்க முழுக்கத் தலைகீழ் முக்கோணங்களிடமிருந்துதான் வருகிறது. ஆனால் ஏன்? நேராக நிற்பதற்கு இல்லாத என்ன தடை தலைகீழாக நிற்பதற்கு?

கோணமானி

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். முழுப் படத்தையும் ஒரே மூச்சில் எண்ணாதீர்கள். ந − 1 வரிசைப் படம் ஏற்கெனவே இருக்கிறது, அடியில் ஒரு புது வரிசை ஒட்டுகிறோம், புதிதாக வந்தவை எவை என்று மட்டும் கேளுங்கள்.

நேராக நிற்கிற புது முக்கோணம் என்றால் அதன் அடிப்பக்கம் புது அடிக்கோட்டில் உட்கார்ந்திருக்கும். அடிக்கோட்டில் ந + 1 புள்ளிகள். அவற்றில் எந்த இரண்டைத் தேர்ந்தாலும் அவற்றின் மேல் ஒரே ஒரு நேர் முக்கோணம் நிற்கும், எந்தத் தடையும் இல்லை, எப்போதும் உள்ளே அடங்கும். ஆக புதியவை ந(ந+1) ÷ 2, அதாவது 1, 3, 6, 10, 15 என்ற முக்கோண எண்கள். அவற்றைக் கூட்டிக்கொண்டே போனால் 1, 4, 10, 20, 35. உங்கள் முதல் பட்டியல்.

தலைகீழாக நிற்கிற புது முக்கோணம் அடிக்கோட்டைத் தன் கீழ்முனையால் மட்டும் தொடும். அந்த முனை இடது ஓரத்திலிருந்து 1, 2, 3 என்று ந − 1 வரை எந்தப் புள்ளியிலும் இருக்கலாம். ஒரு புள்ளியில் முனையை ஊன்றி மேல்நோக்கி விரித்துக்கொண்டே போங்கள். இடப்பக்கம் சுவர் இடித்தால் நிற்க வேண்டும், வலப்பக்கம் இடித்தாலும் நிற்க வேண்டும். இரண்டு ஓரங்களில் எது பக்கமோ அதுவரைக்கும்தான் வளர முடியும். ஆகவே ஒவ்வொரு புள்ளியிலும் எத்தனை தலைகீழ் முக்கோணங்கள் ஊன்றலாம் என்று எழுதினால்:

ந = 2: 1
ந = 3: 1, 1
ந = 4: 1, 2, 1
ந = 5: 1, 2, 2, 1
ந = 6: 1, 2, 3, 2, 1
ந = 7: 1, 2, 3, 3, 2, 1

வரிசைகளைக் கூட்டினால் 1, 2, 4, 6, 9, 12. உங்கள் வித்தியாசங்கள் அதே வரிசையில். ந இரட்டைப்படையாக இருந்தால் சரியாக நடுவில் ஒரு புள்ளி கிடைக்கிறது, உச்சம் ஒன்று. ஒற்றைப்படையாக இருந்தால் நடுப்புள்ளியே இல்லை, இரண்டு பேர் உச்சத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஒற்றை இரட்டை முழுவதும் இந்த நடுப்புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதிலிருந்துதான் பிறக்கிறது. ஐந்தாவது வரிசையில் உங்கள் சூத்திரம் புதிதாக 22 எதிர்பார்த்தது. நேர் 15, தலைகீழ் 1 + 2 + 2 + 1 = 6, ஆக 21தான். அந்த ஒன்று தொலைந்து போகவில்லை, அதற்கு முதலிலேயே இடம் கிடையாது.

நிரல்மொழி

தாமதமாக வருகிறேன். இருநூறு வரிசை வரைக்கும் எண்ணுகிற ஒரு சின்ன நிரல் எழுதி ஓட்டினேன். ஒவ்வொரு புள்ளியையும், ஒவ்வொரு அளவையும் எடுத்து, மூன்று முனையும் உள்ளே இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிற முரட்டு எண்ணிக்கை, எந்தச் சூத்திரமும் இல்லை. மூன்றாவது மட்டத்தில் 2, 1, 2, 1 கடைசிவரை மாறவே இல்லை.

தொடர் கையில் வந்தவுடன் நான் முதலில் போகிற இடம் முழு எண் தொடர்களின் இணையக் கலைக்களஞ்சியம். நீல் ஸ்லோன் 1964இல் அட்டைகளில் சேகரிக்க ஆரம்பித்தது, 1996 முதல் இணையத்தில் இருக்கிறது, இன்றைக்கு 3,50,000க்கும் மேற்பட்ட தொடர்கள். 1, 5, 13, 27, 48, 78 என்று தட்டினால் ஏ002717 என்ற எண்ணில் இதே முக்கோணக் கணக்கு வந்து நிற்கிறது. சூத்திரம்: ந(ந+2)(2ந+1) ÷ 8, பின்னம் வந்தால் வெட்டிவிட வேண்டும். ஐந்துக்கு 5 × 7 × 11 = 385, எட்டால் வகுத்தால் 48.125, வெட்டினால் 48.

இன்னொரு வழியும் உண்டு. சூத்திரத்தைத் தேடாமல் முந்தைய உறுப்புகளிலிருந்து அடுத்ததைக் கட்டுகிற விதியைத் தேடலாம். இந்தத் தொடரில் முந்தைய ஐந்து போதும்: கடைசியானதை 3ஆல் பெருக்கு, அதற்கு முந்தையதை 2ஆல் பெருக்கிக் கழி, அதற்கு முந்தையதையும் 2ஆல் பெருக்கிக் கழி, நான்காவதை 3ஆல் பெருக்கிக் கூட்டு, ஐந்தாவதைக் கழி. 78 எப்படி வருகிறது பாருங்கள்: 144 − 54 − 26 + 15 − 1. இருநூறு உறுப்பும் இதற்குக் கட்டுப்படுகின்றன. இவ்வளவு தரவு இருக்கும்போது படம் பார்த்து நிரூபிப்பது அழகுக்காகத்தானே? எனக்கு இதுவே போதும் என்று தோன்றுகிறது.

கோணமானி

முரட்டு எண்ணிக்கைக்கு நன்றி, அது என் வாதத்துக்கும் ஒரு சோதனை. ஆனால் போதும் என்பதை ஏற்க மாட்டேன்.

31, 331, 3331, 33331, 333331, 3333331, 33333331. ஏழும் பகா எண்கள். எட்டாவது 333333331 = 17 × 19607843. ஏழு தடவை பொருந்திய விதி எட்டில் போய்விட்டது.

இன்னும் நீளமானது வேண்டுமா? 3, 0, 2 என்று தொடங்கி, ஒவ்வொரு உறுப்பையும் கடைசி உறுப்பை விட்டுவிட்டு அதற்கு முந்தைய இரண்டின் கூட்டலாக எழுதுங்கள்: 3, 0, 2, 3, 2, 5, 5, 7, 10, 12, 17, 22. பெரின் தொடர் என்பார்கள். பூஜ்ஜியத்திலிருந்து இடங்களுக்கு எண் போடுங்கள். 5ஆவது இடத்தில் 5, ஐந்தால் வகுபடும். 7இல் 7. 11இல் 22. ஆனால் 4இல் 2, வகுபடாது. 6இல் 5, வகுபடாது. 9இல் 12, வகுபடாது. இட எண் பகா எண்ணாக இருந்தால் மட்டுமே வகுபடும் என்று விதி தானாகவே வந்து நிற்கும். உங்கள் நிரலை இருநூறு இல்லை, இரண்டு லட்சம் வரை ஓட்டினாலும் ஒரு விதிவிலக்கு கிடைக்காது. 271441 என்ற இடத்தில் உடைகிறது. அது 521 × 521, பகு எண், ஆனாலும் வகுபட்டுவிடுகிறது. பாதி விதி, அதாவது பகா எண் என்றால் வகுபடும் என்பது, நிரூபிக்கப்பட்ட உண்மை. மறுபாதிதான் பொய். இரண்டு லட்சம் எண்களைப் பார்த்தும் எது உண்மைப் பாதி, எது பொய்ப் பாதி என்று பிரிக்க முடியாது என்பதை யோசித்துப் பாருங்கள்.

முக்கோணத்தில் எனக்கு அந்தப் பயம் இல்லை. 1, 2, 3, 2, 1 என்ற வரிசை ஏன் அப்படி இருக்கிறது என்று தெரியும், இடப்பக்கச் சுவர், வலப்பக்கச் சுவர், அவ்வளவுதான் காரணம். பத்து லட்சமாவது வரிசையிலும் இரண்டு சுவர்தான்.

நிரல்மொழி

271441 தெரியாத விஷயம், இப்போதுதான் ஓட்டிச் சரிபார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காரணத்தைத் தேடப் போவதற்கு முன் என் இருநூறு உறுப்பு கையில் இருந்தால் தப்பான சூத்திரத்துக்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். வரிவடிவம் 49க்கு நிரூபணம் தேடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கோணமானி

அதில் எனக்கு மறுப்பே இல்லை.

மாத்திரை

கணக்கு எனக்கு இரண்டாவது பாடம், யாப்புதான் முதல் பாடம். "புதிதாக வந்தவை எவை" என்று கோணமானி கேட்ட கேள்வி யாப்பில் ரொம்பப் பழையது, அதனால் எழுதுகிறேன்.

நேர், நிரை என்று இரண்டு அசை. ஈரசைச்சீர் 4, மூவசைச்சீர் 8, நாலசைச்சீர் 16. கடைசியில் ஓர் அசை சேர்க்கும்போது இரண்டே வாய்ப்பு, அதனால் ஒவ்வொரு தடவையும் இரட்டிக்கிறது. இங்கே அசைகளை எண்ணுகிறோம்.

சமஸ்கிருத மாத்திரை விருத்தங்களில் எண்ணுவது கால அளவை. லகுவுக்கு, அதாவது குறுகிய ஒலிக்கு, ஒரு மாத்திரை; குருவுக்கு, அதாவது நீண்ட ஒலிக்கு, இரண்டு. மொத்த மாத்திரை 1 என்றால் ஒரு வகை, 2 என்றால் இரண்டு, 3 என்றால் மூன்று. இதுவரை பார்த்தால் இயல் எண்கள் மாதிரியே இருக்கும். 4 என்றால் ஐந்து வகை, 5 என்றால் எட்டு. காரணம் கடைசி எழுத்தில் இருக்கிறது. அது லகு என்றால் அதற்கு முன்னால் ஒரு மாத்திரை குறைந்த அமைப்பு, குரு என்றால் இரண்டு மாத்திரை குறைந்த அமைப்பு, வேறு வழியில்லை, ஆகவே முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது. விரகாங்கர், 12ஆம் நூற்றாண்டில் ஹேமசந்திரர் ஆகியோர் இதை யாப்பு விதியாகவே எழுதிவைத்தார்கள். 1202இல் ஃபிபொனாச்சி முயல் கணக்கில் எழுதியதும் இதே எண்கள். 1356இல் நாராயண பண்டிதர் பசுக்கணக்கு ஒன்று எழுதினார், கன்று வளர்ந்து ஈனுவதற்குக் காலம் கூடுதல், அதனால் முந்தையதோடு மூன்று இடம் முந்தையதைக் கூட்ட வேண்டும்: 1, 1, 1, 2, 3, 4, 6, 9, 13, 19.

இவர்களில் யாரும் எண் பட்டியலை வைத்துக்கொண்டு விதியை ஊகிக்கவில்லை. கடைசியில் என்ன வர முடியும் என்று கேட்டார்கள், விதி கிடைத்தது, எண்கள் அதன் பின்னால் வந்தன.

அடுத்தஉறுப்பு

இந்தப் பதிவை அப்படியே எடுத்து என் வகுப்பில் வைக்கப் போகிறேன், ஆட்சேபணை இல்லையே? தேர்வு முறை அது பாட்டுக்கு இருக்கட்டும், ஆனால் எண்களை மட்டும் கொடுக்காமல் வாரத்துக்கு ஒரு படக்கணக்காவது கொடுத்து, ஊகம் எங்கே உடைகிறது என்று அவர்களையே பார்க்க வைக்கலாம் என்று தோன்றுகிறது. வட்டம் வெட்டுகிற கணக்கு அதற்கு நன்றாக இருக்கும், 2, 4, 8 என்று போய்ப் பதினான்கில் நிற்பார்கள்.

மாத்திரை

தாராளமாக.

வரிவடிவம்

எல்லோருக்கும் நன்றி. ந = 8க்கு மூன்று வழியிலும் போட்டுப் பார்த்தேன். நேர் 120, தலைகீழ் 50, மொத்தம் 170. வெட்டுச் சூத்திரம் 8 × 10 × 17 ÷ 8 = 170. வித்தியாசப் பட்டியலை நீட்டினாலும் 170.

இதே சூட்டில் இன்னொன்று எடுத்திருக்கிறேன். சதுரமாக அடுக்கிய புள்ளிகள், பக்கத்துக்கு ந புள்ளி. நான்கு புள்ளிகளை இணைத்து எத்தனை சதுரம் கிடைக்கும்? சாய்ந்த சதுரங்களும் சேர்த்தி. இரண்டு புள்ளிக்கு 1, மூன்றுக்கு 6, நான்குக்கு 20, ஐந்துக்கு 50, ஆறுக்கு 105.

1, 6, 20, 50, 105
5, 14, 30, 55
9, 16, 25
7, 9
2

இரண்டாவது மட்டத்தில் 9, 16, 25 என்று அப்பட்டமாக வர்க்கங்கள் நிற்கின்றன. அதற்கு மேல் மட்டத்தில் 5, 14, 30, 55, அது வர்க்கங்களைக் கூட்டிக்கொண்டே போனது. இது ஊகம் மட்டும்தான் என்று தெரியும், மூன்று வர்க்கம்தான் கையில் இருக்கிறது. காரணம் தேட எங்கிருந்து தொடங்குவது?

நிரல்மொழி

ஏழுக்கு 196, எட்டுக்கு 336. வித்தியாசம் 91, 140. இரண்டாவது மட்டம் 36, 49. ஊகம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

கோணமானி

சாய்ந்த சதுரம் ஒவ்வொன்றையும் சுற்றி, அதன் நான்கு முனையும் தொடும்படி ஒரு நேர்ச் சதுரம் போடுங்கள். அப்படிப் போடக்கூடியது ஒன்றே ஒன்றுதான். இப்போது திருப்பிக் கேளுங்கள்: பக்க நீளம் 3 உள்ள நேர்ச் சதுரத்துக்குள் நான்கு பக்கத்தையும் தொட்டுக்கொண்டு எத்தனை சதுரம் உட்காரும்? மேல்பக்கத்தில் முனை எந்தப் புள்ளியில் என்று முடிவு செய்தால் மற்ற மூன்று முனையும் தானாக முடிவாகிவிடும். மேல்பக்கத்தில் நான்கு புள்ளிகள், ஆனால் இரண்டு மூலைகளும் ஒரே சதுரத்தைத்தான் தரும், ஆக மூன்று. பொதுவாக நீளம் எத்தனையோ அத்தனை.

நான்கு புள்ளிப் படத்தில் நீளம் 1 உள்ள நேர்ச் சதுரங்கள் 9, ஒவ்வொன்றிலும் 1. நீளம் 2 உள்ளவை 4, ஒவ்வொன்றிலும் 2. நீளம் 3 உள்ளது 1, அதில் 3. மொத்தம் 9 + 8 + 3 = 20. இனி ஐந்து புள்ளிக்கு இதையே எழுதி, நான்கு புள்ளிக்கு எழுதியதை அதிலிருந்து கழித்துப் பாருங்கள்.

வரிவடிவம்

16×1 + 9×2 + 4×3 + 1×4. இதிலிருந்து 9×1 + 4×2 + 1×3 போனால் 16 + 9 + 4 + 1 மிஞ்சுகிறது, 30. ஒவ்வொரு வர்க்கமும் ஒரு தடவை கூடுதலாக வருகிறது, எந்த ந எடுத்தாலும் அப்படித்தான் வந்தாக வேண்டும். அதற்கும் அடுத்த மட்டம் எடுத்தால் கடைசியில் சேர்ந்த ஒற்றை வர்க்கம் மட்டும் நிற்கும். சூத்திரம் ந²(ந² − 1) ÷ 12 என்று வருகிறது. ஏழுக்கு 49 × 48 ÷ 12 = 196, நிரல்மொழி போட்டதும் அதுதான்.